துளைகளை எண்ணிய கடல்

ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்த வேலை, கல்லைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் காத்திருப்பது. கட்டைவிரல் கனத்துக்கு வெட்டிய சாக் என்னும் சுண்ணாம்புப் பாறை, உள்ளே எண்ணெய் ஏற்றியது. மறுநாள் காலை பார்த்தால் கல்லின் மேலெல்லாம் வியர்வை போல எண்ணெய் முத்துகள் அரும்பியிருக்கும். அழுத்தம் எதுவும் கொடுக்கவில்லை. கல் தானாகவே நீரைக் குடித்து, எண்ணெயை வெளியே தள்ளியிருந்தது. இதே வித்தை கடலுக்கு அடியில் நடந்த இடம் என்று அன்று மனதில் பதிந்த பெயர்தான் எக்கோஃபிஸ்க்.

நார்வேக்குத் தென்மேற்கே, வடகடலில் இருக்கும் எண்ணெய் வயல் அது. 1969இல் ஃபிலிப்ஸ் நிறுவனம் கண்டுபிடித்தது. 70 மீட்டர் கடலுக்கு அடியில், ஏறக்குறைய 3 கிலோமீட்டர் ஆழத்தில் சாக் பாறை. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு இண்டு இடுக்குதான், அத்தனையும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். 1971இல் எண்ணெய் வரத் தொடங்கியபோது, இருப்பதில் 17 சதவீதம் கைக்கு வரும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள்.

எடுத்த எண்ணெயைச் சேர்த்துவைக்க 1973இல் நடுக்கடலில் ஒரு பெரிய கான்கிரீட் தொட்டியை நிறுத்தினார்கள். பத்து லட்சம் பீப்பாய் பிடிக்கும். அலையின் வேகத்தை உடைக்க, அதன் வெளிச்சுவர் முழுக்க வரிசை வரிசையாகத் துளைகள். 1984இல் அந்தச் சுவரைப் பார்த்தவர்களுக்குத் திக்கென்றது. நீருக்கு மேலே தெரிய வேண்டிய துளை வரிசைகள் குறைந்திருந்தன. கடல் ஏறவில்லை, கடற்படுகைதான் ஏறக்குறைய 3 மீட்டர் இறங்கியிருந்தது. கருவி எதுவும் சொல்லாததைத் துளைகளின் எண்ணிக்கை சொல்லியது. இதை எப்போது நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கும்.

காரணம் இதுதான்: மேலே கிடக்கிற அத்தனை மண்ணையும் கல்லையும் பாறையோடு சேர்ந்து எண்ணெயின் அழுத்தமும் தாங்கிக்கொண்டிருந்தது. எண்ணெய் போகப் போகச் சுமை முழுவதும் சாக்கின் தலையில் இறங்கியது. சாக் நசுங்கியது. 1987இல் எஃகு மேடைகளின் கால்களை அறுத்து, நீரியல் ஜாக்கிகளால் தூக்கி, இடையில் 6 மீட்டர் நீளத் துண்டுகளைச் செருகினார்கள். தொட்டியைத் தூக்க வழியில்லை, 1989இல் சுற்றிலும் கான்கிரீட் அரண் எழுப்பினார்கள்.

அதே 1987இல்தான் கடல்நீரைப் பெருமளவில் உள்ளே செலுத்தத் தொடங்கினார்கள். அப்படியே மொண்டு ஊற்ற முடியாது. வடிகட்ட வேண்டும், ஆக்சிஜனை நீக்க வேண்டும், இல்லையென்றால் குழாய் துருப்பிடிக்கும். பாறை விரிசல்கள் வழியே பாய்ந்த நீரைச் சாக் உறிஞ்சிக்கொண்டு எண்ணெயை விட்டது. என் ஆய்வகக் கல்லில் நடந்ததேதான், மூன்று கிலோமீட்டர் ஆழத்தில்.

அழுத்தம் மீண்டதும் படுகை இறங்குவது நிற்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நிற்கவில்லை. கடல்நீர் பட்ட சாக் வலுவிழக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. எண்ணெயை வெளியேற்றிய அதே நீர் பாறையையும் இளக வைத்தது. என் ஆய்வகத்திலும் நீரில் ஊறிய துண்டுகள், எண்ணெயோடு இருந்தவற்றைவிடக் குறைந்த சுமையிலேயே நொறுங்கும். இறங்கும் வேகம் பின்னாளில் குறைந்தது, ஆனால் நார்வேக்காரர்கள் இன்றும் அளந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

17 என்று எழுதிய கணக்கு இப்போது 50 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. தொட்டியின் மேல்தளத்தைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். துளைகள் போட்ட அந்தக் கான்கிரீட் சுவர் இன்னும் கடலிலேயே நிற்கிறது.