மேகம் தீட்டிய காமிராக்காரர்

கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஆகிய இரு ஏரிகளை இணைத்து அமைத்த நீர்த்தேக்கம் 2020-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன் கரையில் நின்று பாருங்கள். நீர்ப்பரப்பு முழுவதும் ஒரே படத்தில் அடங்காது. கைப்பேசியை இடமிருந்து வலமாக மெல்லத் திருப்பினால், அது பல துண்டுப் படங்களை எடுத்து ஒட்டி, ஒரே நீண்ட படமாகத் தந்துவிடுகிறது. வானம் வெளிறிப் போயிருந்தால், மேகங்களைச் சேர்க்கவும் வழியுண்டு.

இவ்விரு வித்தைகளும் நம் காலத்தவை என்று எண்ணிவிட வேண்டாம். 1850-களிலேயே, கத்தரிக்கோல், பசை, தூரிகை ஆகியவற்றைக் கொண்டு இவற்றைச் செய்து காட்டியவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் லின்னேயஸ் டிரைப்.

பொழுதுபோக்கு பதவியானது

1822-இல் இங்கிலாந்தில் பிறந்த டிரைப், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. விடுமுறையில் தாயகம் சென்றிருந்தபோது புகைப்படக் கலையில் ஈடுபாடு கொண்டார். திரும்பி வந்ததும் ஹளேபீடு, பேலூர் கோயில்களைத் தம் சொந்த ஆர்வத்தால் படம் பிடித்தார். அப்படங்கள் 1855-இல் சென்னையில் நடந்த பொருட்காட்சியில் பரிசு பெற்றன. மறு ஆண்டே அவர் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1857 இறுதியிலிருந்து 1858 வரை திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றிப் படம் எடுத்தார்.

அந்நாளில் கண்ணாடித் தகட்டில் படமெடுப்போர், தகட்டில் பூசிய மருந்து ஈரமாக இருக்கும்போதே எல்லா வேலையையும் முடித்தாக வேண்டும். நம் வெயிலில் அது எளிதா? ஆகவே டிரைப் பெரும்பாலும் மெழுகூட்டிய காகிதத்தையே நெகடிவாகப் பயன்படுத்தினார். பிரான்சு நாட்டின் கஸ்தாவ் லெ கிரே 1851-இல் வெளியிட்ட முறை இது. மெழுகு, காகிதத்தை ஒளி ஊடுருவும்படி செய்கிறது. வெள்ளி உப்பு ஏற்றிய அக்காகிதத்தை உலர்ந்த நிலையிலேயே சில நாட்கள் வைத்திருந்து பயன்படுத்தலாம். ஆனால் ஒரு படத்துக்குப் பல நிமிடம் ஒளி தேவைப்படும்.

வெள்ளை வானம் ஏன்?

இம்முறையில் ஒரு குறை இருந்தது. அன்றைய வெள்ளி உப்புகள் நீலம், ஊதா, புற ஊதாக் கதிர்களுக்கே நன்கு இசைந்தன. நீல வானமும் வெண்மேகமும் அவற்றுக்கு ஒன்றே! கோபுரத்துக்குப் போதுமான ஒளி கிடைப்பதற்குள், நெகடிவில் வானப்பகுதி கருத்துவிடும். அச்சிட்டால் வானம் மேகமின்றி வெறுமையாக நிற்கும். பச்சை நிறம் சரியாகப் பதியாததால் மரங்களோ இலை தெரியாத கரும் நிழல்களாகும்.

டிரைப் தூரிகையை எடுத்தார். நெகடிவின்மேல் வண்ணம் தீட்டினார். வண்ணம் பட்ட இடத்தில் ஒளி தடைபடும். அச்சில் அவ்விடம் வெளுக்கும். இப்படி வானில் மேகங்கள் தோன்றின. மரங்களில் இலைகள் மின்னின.

பத்தொன்பது அடிப் படம்

தஞ்சைப் பெரிய கோயிலில் வேறொரு சிக்கல் எழுந்தது. விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றிலும் இராசராசன் காலக் கல்வெட்டுகள் வரி வரியாக ஓடுகின்றன. ஒரே இடத்தில் நின்று காமிராவைத் திருப்பினால், தொலைவிலுள்ள எழுத்துகள் சிறுத்துவிடும். எனவே சுவரை ஒட்டிக் காமிராவையே இடம் மாற்றி மாற்றி வைத்தார். இவ்வாறு எடுத்த 21 படங்களை ஒன்றோடொன்று பொருத்தி ஒட்டினார். ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள படச்சுருள் உருவாயிற்று! அறிஞர் ஹுல்ட்ஸ் இக்கல்வெட்டுகளை நூலாக அச்சிடத் தொடங்கியது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, 1891-இல்தான்.

ஆயினும் இம்முயற்சி நீடிக்கவில்லை. 1859-இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன், அரசின் பண நெருக்கடியில் புகைப்படம் ஓர் ஆடம்பரம் என்று கருதினார். அலுவலகம் மூடப்பட்டது. அதன்பின் டிரைப் படமெடுத்தது மிகக் குறைவு. 1902-இல் அவர் காலமானார்.

ஆடம்பரம் என்று ஒதுக்கப்பட்ட அப்படங்களே, 1858-இல் நம் கோயில்களும் கல்வெட்டுகளும் இருந்த நிலைக்கு இன்று சான்றாக நிற்கின்றன. எனினும், அவற்றைச் சான்றாகக் கொள்வோர் ஒன்றை மறக்கக் கூடாது. கோபுரம் உண்மை, அதன்மேல் மிதக்கும் மேகம் தூரிகையின் வேலை. அம்மேகத்தைக் கொண்டு அன்றைய வானிலையைக் கணிக்க முடியாது அல்லவா?

படமெடுப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட இளைஞர்கள் வானத்தில் விருப்பம்போல் மேகம் சேர்க்கலாம், அது கலை. ஆனால் கல்வெட்டைப் படம் பிடிக்கும்போது ஓர் எழுத்தைக்கூட மாற்றலாகாது. ஏரிக்கரைப் படத்தில் மேகம் சேர்த்தால், சேர்த்ததைப் படத்தின் கீழே ஒரு வரி எழுதி வையுங்கள். நூறு ஆண்டுகளுக்குப் பின் அதைப் பார்ப்பவர் உங்களுக்கு நன்றி சொல்வார்.