மூளையில்லா உயிர்களின் துயில்

உறக்கம் மூளையின் தொழில் என்றே நம்மிற் பெரும்பாலோர் எண்ணுகின்றனர். அங்ஙனமாயின் மூளையே இல்லாத உயிர் உறங்குமா? இவ்வினாவை அறிவியலார் நெடுங்காலம் பொருட்படுத்தாதிருந்தமைக்குக் காரணம் அவ்வுயிர்களின் இயல்பன்று. உறக்கத்தை அளக்க மனிதர் கைக்கொண்ட அளவுகோலே ஆகும்.

இத்துறையிற் பண்டைக் கிரேக்கத்து அரிஸ்டோட்டில் பிற்காலத்தார் பலரினும் தாராள மனத்தினர். கி. மு. 4ஆம் நூற்றாண்டில் உறக்கம் பற்றி அவர் எழுதிய நூலிலே, நீர்வாழ்வனவும் நிலம்வாழ்வனவும் பறப்பனவுமாகிய விலங்குகள் ஏறக்குறைய யாவும் உறங்குவன என்றும், பூச்சிகளின் துயில் குறுகியது என்றும் கூறினார். கண்ணாற் கண்ட நிலையே அவருக்குச் சான்று. 1913இல் பிரெஞ்சு அறிஞர் ஆன்றி பியரோனும் நடத்தையை வைத்தே உறக்கத்தை வரையறுக்க முயன்றார். ஆனால், ஹான்ஸ் பேர்கர் என்னும் ஜேர்மானியர் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்து 1929இல் வெளியிட்டபின் நிலைமை மாறலாயிற்று. 1937இல் அவ்வலைகளைக் கொண்டு உறக்கத்தின் படிநிலைகள் வகுக்கப்பட்டன. 1953இல் கண்கள் விரைந்தசையும் உறக்கம் அறியப்பட்டது. இவை அரும்பெருஞ் சாதனைகளே. எனினும், மூளையலையே உறக்கத்தின் இலக்கணம் என்றாகிவிடவே, பூச்சியும் புழுவும் வெறுமனே 'ஓய்வெடுப்பன' என ஒதுக்கப்பட்டன.

1983இல் சூரிச் நகரில் ஐரீன் டோப்லர், கரப்பான்களை ஓய்வு வேளையில் நடமாடச் செய்து, பின்னர் அவை இழந்த ஓய்வை ஈடுசெய்வதைக் கண்டார். ஈடுசெய்தல் என்னும் இப்பண்பே முதன்மையானது. வெறும் அசைவின்மையைச் சோம்பல் எனலாம். எதிர்வினை மந்தமாதலைக் களைப்பு எனலாம். இழந்ததைத் திரும்பப் பெறத் துடிப்பது உயிருக்கு அது இன்றியமையாதது என்பதைக் காட்டும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இரு குழுவினர் பழ ஈயிலும் இப்பண்புகளைக் கண்டனர். கோப்பியிலுள்ள கஃபீன் அதனையும் விழித்திருக்கச் செய்கிறது! 2008இல், 302 நரம்புக்கலங்களே உடைய சிறு உருளைப்புழுவிலும் உறக்கம் ஒத்த நிலை காட்டப்பட்டது.

இவற்றுக்கெல்லாம் ஏதோவொரு மூளையுண்டு. இழுதுமீனுக்கு அதுவுமில்லை, நரம்புவலை மட்டுமே உண்டு. கசியோபியா என்னும் இனம் கடலடியிற் கவிழ்ந்து கிடந்து, குடையை விரித்துச் சுருக்கி வாழ்வது. 2017இல் கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தார் அதனை இரவும் பகலும் நோக்கினர். பகலில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 58 முறை துடித்த குடை, இரவில் ஏறத்தாழ 39 முறையே துடித்தது. அது தங்கியிருந்த தட்டைத் திடீரெனக் கீழிறக்கியபோது, பகலில் உடனே நீந்தித் தளத்தை அடைந்தது. இரவிலோ தடுமாறுவதுபோலச் சற்றே மிதந்து பின்னரே நீந்தியது. சிறிது நேரத்தில் மீண்டும் இறக்கினால் தாமதமில்லை. ஏனெனில் அது விழித்துவிட்டது. இரவில் நீரைப் பீய்ச்சி அலைக்கழித்தால் மறுநாள் பகலில் அதன் துடிப்புக் குறைந்தது. மூன்று பண்புகளும் ஒருங்கே அமைந்தன.

இழுதுமீனின் முன்னோரும் நம் முன்னோரும் பிரிந்து சுமார் 60 கோடி ஆண்டுகள் கழிந்தன. ஆதலின் உறக்கம் மூளைக்கு முந்தியது என்பாருளர். அக்கருத்து ஏற்புடையதாகவே தோன்றுகிறது. ஆயினும் முடிந்த முடிபாகக் கொள்ளல் தகாது. 2020இல் யப்பானின் கியூசூப் பல்கலைக்கழகத்தார் தலைமையில் ஐதராவின் உறக்கம் ஆராயப்பட்டது. பல விலங்குகளை விழிப்பிக்கும் டோபமைன் என்னும் பொருள் ஐதராவை உறங்கச் செய்தது. பொது மூதாதையிடமிருந்து உறக்கம் வந்ததாயின், அதன் உறுப்புகள் இடையே பெரிதும் மாறியிருத்தல் வேண்டும்.

ஒப்புமை ஒன்றே உறவுக்குச் சான்றாகாது என்பதற்குப் பேய்க்கணவாய் தக்க உதாரணம். ஒக்கினாவாவில் நிகழ்ந்து 2023இல் வெளியான ஆய்வின்படி, அதன் அமைதியான துயிலுக்கிடையே ஏறத்தாழ மணிக்கொருமுறை நிறம் மாறி, கண்ணும் கரங்களும் துடிக்கும் நிலை ஒரு நிமிட அளவு தோன்றுகிறது. நமது இருவகை உறக்கத்தை இது பெரிதும் ஒத்ததே. ஆனால் அவ்விலங்கின் மூளை நமது மூளையினின்றும் தனித்து வளர்ந்தது.