கிதார் பெட்டிக்கான ஒலிவாங்கி

கிதார் பெட்டிக்கான ஒலிவாங்கி என்பது மின்கிதாரின் மிகைப்பியோடு (ஆம்ப்ளிஃபையர்) இணைந்த ஒலிபெருக்கிப் பெட்டியின் முன் வைத்து ஒலிப்பதிவு செய்யப் பயன்படும் ஒலிவாங்கி (மைக்) ஆகும். மின்கிதாரின் ஒலியை மிகைப்பியும் பெட்டியிலுள்ள ஒலிபெருக்கியும் சேர்ந்தே உருவாக்குகின்றன. பரவலாகப் புழங்கும் 12 அங்குல ஒலிபெருக்கிகளில் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்சுக்கு மேல் ஒலி விரைவாகக் குன்றிவிடும். எனவே 20,000 ஹெர்ட்ஸ் வரை பதியும் விலையுயர்ந்த ஒலிவாங்கி இதற்குக் கட்டாயமன்று.

வகைகள்

இயங்குசுருள் (டைனமிக்) ஒலிவாங்கிகளே மிகுதியாகப் பயன்படுகின்றன. ஷூர் நிறுவனம் 1965இல் வெளியிட்ட எஸ்.எம்.57 இவற்றுள் முதன்மையானது. உரத்த ஒலியைத் தாங்கும், மின்னூட்டம் தேவையில்லை. 5,000 ஹெர்ட்சை ஒட்டி இதன் உணர்திறன் சற்று உயர்வதால், பிற கருவிகளுக்கிடையே கிதார் அமிழ்ந்து போவதில்லை. ஒரே ஒரு ஒலிவாங்கி மட்டுமே வாங்க இயலும் எனில் இதுவே போதுமானது. 1960இல் வெளிவந்த சென்ஹைசர் எம்.டி.421 தாழ்சுருதிகளில் கூடுதல் நிறைவு தரும்.

நாடா (ரிப்பன்) ஒலிவாங்கிகள் கூர்மையான ஒலியை மென்மையாக்குகின்றன. 1998இல் அறிமுகமான ராயர் ஆர்-121 புகழ்பெற்றது. மின்தேக்கி (கண்டென்சர்) வகை, அறையின் எதிரொலியையும் சேர்த்துப் பதிய ஏற்றது.

வைக்கும் இடம்

ஒலிவாங்கியை மாற்றுவதைவிட அதைச் சில சென்டிமீட்டர் நகர்த்துவதே பெரும்பாலும் மிகுந்த மாற்றத்தைத் தரும். கூம்பின் நடுவில் ஒலி கூர்மையாகவும், விளிம்பை நோக்கிச் செல்லச் செல்ல மங்கலாகவும் இருக்கும். பெட்டியை மிக நெருங்கினால், எஸ்.எம்.57 போன்ற திசைசார் ஒலிவாங்கிகளில் தாழ்சுருதி மிகும்.

இரண்டு ஒலிவாங்கிகளை வைக்கும்போது தொலைவுகள் வேறுபட்டால் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழிக்கும். வேறுபாடு 17 செ.மீ. எனில் ஒலி அரை மில்லிநொடி தாமதமாகிறது. 1,000 ஹெர்ட்சை ஒட்டிய ஒலி மெலிந்துவிடும்.

சூழல்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பகுதியின் தோல் நகரங்களை ஒட்டிச் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலை செல்கிறது. ஆம்பூர் ஊருக்குள்ளேயே தொடர்வண்டிப் பாதையும் உண்டு. இத்தகைய ஊர்களில் வீட்டிலேயே பதிவு செய்வோர், மின்தேக்கி வகைதான் வெளி இரைச்சலை இழுக்கிறது என்று கருதுவதுண்டு. உண்மையில் வகையைவிடத் தொலைவே முக்கியம். பெட்டியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் எந்த ஒலிவாங்கியிலும் ஊர்தி ஒலிப்பான்கள் விழலாம், 5 செ.மீ. தொலைவில் கிதார் ஒலி அவற்றை மூடிவிடும்.

இயங்குசுருள் ஒலிவாங்கியை மிகைப்பியின் மின்மாற்றிக்கு அருகில் வைத்தால் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தின் உறுமலும் பதிவாகக்கூடும். ஒலிவாங்கியைச் சற்றே திருப்பிப் பார்த்து, உறுமல் குறையும் கோணத்தில் நிறுத்தலாம்.