முதுமையில் முறிந்த கணுக்கால்

திருகோணமலை நகருக்குத் தெற்கே கடலேரியின் வாயைக் கடந்தால் கிண்ணியா. 2009ஆம் ஆண்டு பாலம் திறக்கும்வரை இந்நீரை மிதவைப் பாதையிலேயே மக்கள் கடந்தனர். படி வழுக்கிக் கணுக்கால் முறிந்த மூதாட்டிக்கு நகர் வைத்தியசாலை தொலைவு. ஊர் முறிவு வைத்தியரே அருகு. அவர் விரலால் தடவியறிந்து, பற்றுப் பூசி, மூங்கிற் சிம்பு வைத்துக் கட்டுவார். நாள் விட்டு அவிழ்த்தும் பார்ப்பார். அவிழ்த்துப் பார்ப்பதிலேதான் அவர் திறமை இருந்தது.

மேனாட்டில், ஒல்லாந்துப் படை வைத்தியர் மத்தைசன் 1852இல் பாரிசுச் சாந்துக் கட்டினை அறிவித்தார். 1958இல் சுவிற்சர்லாந்தில் அமைந்த ஏ.ஓ. குழு, எலும்பைத் தகடும் திருகாணியும் கொண்டு பொருத்தும் முறையைப் பரப்பிற்று. இளைஞருக்கு அது நன்று. முதியோரின் மெல்லிய தோலில் வெட்டிய புண் ஆறுவது எளிதன்று.

பிரித்தானியாவில் 60 வயது கடந்த 620 பேரிடம் நடந்த ஆய்வு 2016இல் வெளியாயிற்று. மயக்கமருந்து கொடுத்து, காலோடு ஒட்ட இட்ட சாந்துக் கட்டும் சத்திரசிகிச்சையும் ஆறு மாத முடிவில் ஏறக்குறைய ஒரே பயனைத் தந்தன. புண் கோளாறு சத்திரசிகிச்சையில் நூற்றுக்குப் பத்து, கட்டில் ஒன்று. ஆயினும் கட்டுப் போட்டோரில் ஏறக்குறைய ஐவருள் ஒருவருக்குப் பின்னர்ச் சத்திரசிகிச்சை வேண்டியதாயிற்று. வீக்கம் வற்றிக் கட்டுத் தளர்ந்தால் எலும்பு விலகும். ஆகவே நோயாளி கதிர்ப்படத்துக்குத் திரும்பத் திரும்ப வரவேண்டும். மிதவைப் பாதைக்குக் காத்திருந்த காலத்தில் கிண்ணியா மூதாட்டிக்கு அது எளிதாயிருக்கவில்லை.