வாக்குக்கு வந்த நெல்: ஹைதர் படையெடுப்பும் காவிரிப் படுகைக் குடியேறிகளும்

1780இல் மைசூர் ஆட்சியாளர் ஹைதர் அலியின் படை ஆர்க்காட்டுச் சமவெளியில் இறங்கியபோது, காவிரிப் படுகையின் கடலோரம் பல கொடிகளின் கீழ்ப் பிரிந்து கிடந்தது. தரங்கம்பாடி டேனியரிடம் இருந்தது, நாகப்பட்டினம் ஒல்லாந்தரிடம். காரைக்காலைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் 1778இல் பறித்திருந்தனர். உள்ளே தஞ்சையில் மராட்டிய மன்னர் துளஜா ஆண்டார். கோட்டைக்குள் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை இருந்தது. ஒரு நாள் நடைக்குள் எல்லை மாறும் இந்த நாட்டில் குடியேறிய ஐரோப்பியர் எவர் பக்கம் நின்றனர்?

தாயகத்தைக் கொண்டு இதற்கு விடை சொல்ல முடியாது. 1780 டிசம்பரில் இங்கிலாந்து ஒல்லாந்தின் மீது போர் அறிவித்தது. அதுவரை அண்டை வணிகராக இருந்த நாகப்பட்டினத்து ஒல்லாந்தர் பகைவராயினர். அவர்கள் ஹைதருடன் உடன்பாடு செய்துகொண்டனர். 1781 நவம்பரில் ஆங்கிலேயர் அந்நகரைக் கைப்பற்றினர். டென்மார்க் போரில் சேராததால் தரங்கம்பாடிக்கு அந்தக் கதி நேரவில்லை. இரு துறைமுகங்களின் விதியும் ஐரோப்பாவில்தான் முடிவாயிற்று.

இவர்களுக்கு நடுவே நின்றவர் கிறிஸ்டியான் பிரெடரிக் சுவார்ட்ஸ். பிராண்டன்பர்க்கில் பிறந்த ஜெர்மானியர். 1750இல் டேனிய மிஷன் ஊழியராகத் தரங்கம்பாடிக்கு வந்தார். பின்னர் ஆங்கிலேயச் சங்கமொன்றின் ஊழியராகித் திருச்சியிலும், 1778 முதல் தஞ்சையிலும் வாழ்ந்தார். தமிழ், மராத்தி, பாரசீகம் எல்லாம் அறிந்தவர். 1779இல் சென்னை ஆளுநர் ரம்போல்ட் அவரை ஹைதரிடம் சீரங்கப்பட்டணத்துக்குத் தூது அனுப்பினார். வழிச் செலவுக்கென்று ஹைதர் கொடுத்த 300 ரூபாயை அவர் சென்னை அரசிடம் ஒப்படைத்தார். அரசு அதை அவரிடமே விட்டுவிடவே, தஞ்சையில் பள்ளி தொடங்க ஒதுக்கினார்.

எப்பக்கமும் சாராத சாது என்று அவரது வரலாற்றாசிரியர்கள் அவரைக் காட்டுவது இத்தகைய செய்திகளை வைத்துத்தான். ஆனால் திருச்சியில் கம்பெனிப் படையினருக்கு மத ஊழியம் செய்து ஊதியம் பெற்றவரும், தூதில் கம்பெனியின் செய்தியைச் சுமந்தவரும் அவரே. அவரை நடுநிலையாளர் என்பதைவிட, இரு தரப்பும் தத்தம் தேவைக்குப் பயன்படுத்திக்கொள்ள இசைந்தவர் என்பதே பொருந்தும். அந்த இசைவுக்கு எல்லை உண்டு. 1783இல் ஹைதரின் மகன் திப்புவிடம் தூது புறப்பட்ட அவரைச் சத்தியமங்கலத்தில் மைசூர்ப் படையினர் மேலே போகவிடவில்லை. தந்தைக்குப் பயன்பட்ட தூதர் மகனுக்குத் தேவைப்படவில்லை.

அவரது செல்வாக்கின் வேர் அரண்மனையில் இல்லை, வயலில் இருந்தது. 'ஹைதர் கலாபம்' என்று படுகை மக்கள் பின்னாளில் நினைவுகூர்ந்த அந்த நாட்களில் குதிரைப்படை மாடுகளை ஓட்டிச் சென்றது, கோட்டைக்குள் பஞ்சம். வெளியே தானியம் இருந்தும் அதை ஏற்றிவர மாடுகள் இல்லை. மன்னர் ஊர்த் தலைவர்களுக்கு ஆணை அனுப்பியும் ஒருவரும் அசையவில்லை, ஏனெனில் முன்பு கொடுத்ததற்குப் பணம் வந்து சேரவில்லை. அப்போது சுவார்ட்ஸ், மாடுகளைப் பகைவர் கொண்டுபோனால் தாமே ஈடு கொடுப்பதாக ஊர்களுக்கு எழுதினார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்தன. 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் சேர்ந்தது என்று அவரே பின்னர் எழுதினார்.

இந்தக் கணக்கைக் கவனத்தோடு படிக்க வேண்டும். அவர் அதைக் கடிதமாக எழுதியது 1794இல், மிஷனரிகளால் பயனில்லை என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்த பேச்சுக்கு மறுமொழியாக. தம் ஊழியத்தின் மதிப்பை நிறுவுவதே அவர் நோக்கம். ஆயினும் தம்மை அறியாமலே அவர் வேறொன்றையும் பதிவு செய்கிறார்: உயிரைப் பணயம் வைத்துக் கிராமங்களுக்குச் சென்றவர்கள் ஓர் உபதேசியாரும் பிற தமிழ்க் கிறிஸ்தவர்களும். வாக்குக் கொடுத்தவரின் பெயர் நிலைத்தது. அதைச் சுமந்து திரிந்தவரின் பெயரை அக்கடிதம் குறிக்கவில்லை.

உழவர் கணக்கோ நேரானது. கடன் தீர்க்காத மன்னரையும் கம்பெனியையும் நம்ப மறுத்தார்கள், தீர்ப்பவரை நம்பினார்கள். போருக்குப் பின்னும் இதே நிலைதான். அதிகாரிகளின் கொடுமை தாங்காமல் ஊரைவிட்டுப் போயிருந்த சுமார் 7,000 பேர் சுவார்ட்ஸின் உறுதியை நம்பித் திரும்பி வந்து பயிரிட்டதாக அவர் எழுதுகிறார். அரசு இழந்த நம்பிக்கையைத் தனிமனிதர் ஒருவர் இட்டு நிரப்பினார்.

நிரப்பப்பட்ட அந்த இடத்தின் பலன் யாருக்குச் சேர்ந்தது? 1787இல் துளஜா இறந்ததும் அமர்சிங் அரியணை ஏறினார். துளஜாவின் தத்துப்பிள்ளை சரபோஜியைப் பாதுகாத்து, அவருடைய உரிமைக்காகக் கம்பெனியிடம் வாதாடியவர் சுவார்ட்ஸ். 1798 பிப்ரவரியில் அவர் இறந்த அதே ஆண்டில் சரபோஜி அரியணை ஏறினார்; 1799 உடன்படிக்கையால் தஞ்சைச் சீமையின் நிர்வாகம் கம்பெனியின் கைக்குப் போயிற்று. தரங்கம்பாடியின் நடுநிலையும் நெடுங்காலம் நீடிக்கவில்லை: டென்மார்க் நெப்போலியனின் பக்கம் சாய்ந்ததும் 1808 முதல் 1815 வரை அவ்வூரை ஆங்கிலேயர் வைத்திருந்தனர்; 1845இல் டேனியர் அதை விற்றுவிட்டனர். இரண்டு பக்கமும் பேசக்கூடிய குடியேறிகள் படுகையில் செல்லுபடியானது, எப்பக்கமும் முழுதாக வெல்லாதிருந்த காலம் வரைதான்.