குகன்ஹைம் எந்த ஊர்?

நியூயார்க்கில் 1959இல் திறக்கப்பட்ட சுருள் வடிவ அருங்காட்சியகத்தால் உலகறிந்த பெயர் குகன்ஹைம். பெரும் பணக்காரப் பெயர் என்றே நினைப்போம். உண்மையில் அது ஒரு நாட்டுப்புற ஊர்ப்பெயர். ஜெர்மன் மொழியில் 'ஹைம்' என்றால் வீடு, குடியிருப்பு. நம் ஊர்களின் ஈற்றில் 'பாக்கம்' வருவதுபோல அங்கே வரும். அல்சாஸின் கூகன்ஹைம்தான் மூலம் என்பார் சிலர். ஹெஸ்ஸெ பக்கத்து யூகன்ஹைம் என்பார் வேறு சிலர். ஒலியை வைத்துப் பார்த்தால் அல்சாஸ் கட்சியே எனக்குச் சரியாகப் படுகிறது. எதுவானாலும், சொந்த ஊரில் யாரையும் ஊர்ப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வேற்றூர் போன பிறகே அது ஒட்டிக்கொள்ளும்.

குகன்ஹைம் குடும்பம் அப்படிப் போய்ச் சேர்ந்த ஊர் லெங்னவ். சுவிட்சர்லாந்தின் ஆர்கவ் மாநிலத்தில், சுர்ப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. 1776 முதல் யூதர் குடியிருக்க அனுமதிக்கப்பட்டவை லெங்னவும் பக்கத்து எண்டிங்கனும் மட்டுமே. நிலம் வாங்கக் கூடாது. மாட்டு வியாபாரமும், ஊர் ஊராகச் சுமந்து விற்பதும்தான் பிழைப்பு. கிறிஸ்தவரும் யூதரும் ஒரே வாசலில் புழங்கக் கூடாது என்று கட்டியதாகச் சொல்லப்படும் இரட்டை வாசல் வீடுகள் இன்றும் நிற்கின்றன.

1802 செப்டம்பரில் சுற்றுவட்டாரத்தார் திரண்டு வந்து யூதர் வீடுகளைச் சூறையாடினார்கள். பிளம் பழுக்கும் பருவம் அது. எனவே 'பிளம் போர்' என்று பெயர். கொள்ளைக்கு இப்படியொரு செல்லப்பெயர்! பொருளைப் பறிகொடுத்தவர்கள் வைத்ததாக இருக்காது.

லெங்னவ் தையற்காரர் சைமன் குகன்ஹைம் மனைவியை இழந்தவர். ஒரு விதவையை மணக்க விரும்பினார். யூதர் மணம் செய்யவும் அனுமதி வேண்டும்; அதிகாரிகள் தரவில்லை. 1847இல் இரு குடும்பங்களும் அமெரிக்காவுக்குக் கப்பலேறின. சைமனின் மகன் மையர் பிலடெல்பியாவில் தெருத்தெருவாக விற்றுத் தொடங்கி, பின்னாளில் சுரங்கங்களால் பெரும் செல்வரானார். மையரின் மகன் சாலமனின் பெயரில்தான் அந்த அருங்காட்சியகம்.

ஊரில் தங்கியவர்களுக்கு 1862இல் ஆர்கவ் சம உரிமைச் சட்டம் இயற்றியது. அதை எதிர்த்து மக்கள் கிளர்ச்சி செய்தார்கள், சட்டம் திரும்பப் பெறப்பட்டது. நாட்டில் எங்கும் குடியேறும் உரிமை 1866இல்தான் வந்தது. சொந்த மாநிலத்தில் முழுக் குடியுரிமைக்கு 1879 வரை காத்திருந்தார்கள். அதற்குள் பலர் சூரிச்சுக்கும் பாடனுக்கும் போய்விட்டார்கள். ஆனாலும் அவர்கள் தடம் அழியவில்லை: எண்டிங்கனில் தேவாலயம் கிடையாது. ஊருக்கே நேரம் சொல்வது யூத ஜெபாலயத்துக் கடிகாரம்.

சுவிஸ் பாஸ்போர்ட்டில் பிறந்த ஊரை எழுதுவதில்லை, பூர்வீக ஊரைத்தான் எழுதுவார்கள். 1999இல் அந்நாட்டின் முதல் பெண் குடியரசுத் தலைவரான ரூத் டிரைஃபுஸின் பூர்வீக ஊர் எண்டிங்கன்.