சருகு நெருப்பும் புலிக் கணக்கும்

பழங்குடி மக்கள் கையில் இருந்தால்தான் காடு பிழைக்கும் என்கிற பேச்சு இப்போது நம்மிடையே பரவலாகிவிட்டது. முன்பெல்லாம் கூட்டங்களில் ‘பாவம், அவங்க எங்க போவாங்க’ என்பார்கள். இப்போது ‘காடு அவங்களுக்குத்தானே தெரியும்’ என்கிறார்கள். இரக்கம் மரியாதையாக மாறியிருப்பது நல்லதுதான். ஆனாலும் இந்த ஆதரவுக்குள் ஒரு சிக்கல் இருப்பதாக எனக்குப் படுகிறது. பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்களின் வரலாற்றை முன்வைத்து அதைப் பேசிப் பார்க்கிறேன்.

சோளகர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ச.பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ (2004). வீரப்பன் வேட்டையின் பெயரால் அதிரடிப்படை நடத்திய வதைகளை எழுதிய நாவல். அதே மக்கள்தான் எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில், சோலிகர் எனப்படுகிறார்கள். இந்த மாநில எல்லையும் நேற்று வந்ததுதான். கொள்ளேகால் வட்டம் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. சோலிகர்களுக்கு வேறு எல்லைகள் உண்டு. குலத்துக்கு ஒரு நிலப்பரப்பு, அதன் பெயர் ‘எல்லெ’. நம் எல்லை என்ற சொல்தான். சாமி இடம், ஊற்று, முன்னோரின் கல் எல்லாம் அதற்குள் அடக்கம். அவற்றைப் பார்த்துக்கொள்வது அந்தக் குலத்தின் பொறுப்பு.

இந்தப் பொறுப்பின் முக்கியமான கருவி நெருப்பு. கோடை முற்றுவதற்கு முன்பே சருகுக்குத் தீ வைப்பார்கள். ‘தரகு பெங்கி’ என்று அதற்குப் பெயர். (நம்மூர்த் தரகு இல்லை, கன்னடத்தில் தரகு என்றால் சருகு.) தீ தரையோடு ஊர்ந்து அணைந்துவிடும். பெரிய மரங்களுக்கு ஒண்ணும் ஆகாது, புல் தளிர்க்கும். காலனிய அரசு இதைக் குற்றமாக்கியது. 1882 சென்னை வனச்சட்டமும் 1927 இந்திய வனச்சட்டமும் ஒதுக்கப்பட்ட காட்டில் தீ வைப்பவனைக் குற்றவாளி என்றன. மரத்தை வருமானமாகப் பார்த்த அதிகாரத்துக்கு நெருப்பு நட்டமாக மட்டுமே தெரிந்தது. விடுதலைக்குப் பிறகும் இந்தப் பார்வை மாறவில்லை. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1974இல் பிலிகிரிரங்கன் மலை சரணாலயமானது. இடம் மாற்றிப் பயிரிடுவதும் வேட்டையும் சருகு நெருப்பும் நிறுத்தப்பட்டன. மக்கள் ‘போடு’ எனப்படும் குடியிருப்புகளுக்குள் அடக்கப்பட்டார்கள்.

பிறகு நடந்ததைச் சோலிகப் பெரியவர்கள் தெளிவாகச் சொல்கிறார்கள். நெருப்பு நின்றது, உண்ணிச்செடி காட்டை மூடியது, நெல்லிமரத்தில் புல்லுருவி ஏறியது. வெள்ளைக்காரன் காலத்தில் பூச்செடியாக வந்த உண்ணிச்செடி, 1997க்கும் 2008க்கும் இடையில் ஏறத்தாழ இருமடங்கு இடங்களுக்குப் பரவியதை ஆய்வாளர்களும் பதிவு செய்தார்கள். மனிதக் கை படாததே இயற்கை என்கிற கதையாடல் இங்கே உடைகிறது. நாம் கன்னிக் காடு என்று வியந்தது பல தலைமுறைகள் உழைத்து வைத்திருந்த காடு.

2002இல் சட்டம் திருத்தப்பட்டதை அடுத்து, தேனும் நெல்லியும் எடுத்து விற்பதற்கும் தடை வந்தது. 2006 வன உரிமைச் சட்டத்தை ஆயுதமாக்கிக்கொண்டு மக்கள் மனுப் போட்டார்கள். ஆய்வாளர்களோடு சேர்ந்து தங்கள் புனித இடங்களை வரைபடமாக்கினார்கள். 2011 தொடக்கத்தில் அந்த மலை புலிகள் காப்பகமானது. அதே ஆண்டு அக்டோபரில் 25 கிராமசபைகளுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. புலிகள் காப்பகத்துக்குள் அப்படி நடந்தது அதுவே முதல்முறை. 2010க்கும் 2014க்கும் இடையில் அங்கே புலிகள் 35லிருந்து 68 ஆனதாகக் கணக்கு வெளியானதும் நம் தரப்பில் ஒரே கொண்டாட்டம். ‘பாத்தீங்களா, மக்கள் இருந்தும் புலி பெருகியிருக்கு!’

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. அடுத்த கணக்கெடுப்பில் புலி குறைந்தால் என்ன செய்வோம்? உரிமையைத் திருப்பிக் கேட்போமா? ஒரு பண்ணையாரிடம் ‘உன் வயல்ல எத்தனை கொக்கு?’ என்று எண்ணிப் பார்த்தா பட்டா கொடுத்தார்கள்? பழங்குடியிடம் மட்டும் ஏன் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கிறோம்? வனவிலங்கு அமைப்பினர் தொடுத்த வழக்கில், 2019 பிப்ரவரி 13 அன்று உச்சநீதிமன்றம், கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றச் சொன்னது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்த பிறகு, பிப்ரவரி 28 அன்று தன் உத்தரவைத் தானே நிறுத்திவைத்தது. அந்த இரண்டு வாரங்களில் இந்த ஆதரவின் பலமும் தெரிந்தது, உரிமை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதும் தெரிந்தது.

2006 சட்டத்தின் முகப்புரை ‘வரலாற்று அநீதி’யை ஒப்புக்கொள்கிறது. உரிமையின் வேர் அந்த ஒப்புதலில் இருக்கிறது. புலி பெருகினால் அது உபரி மகிழ்ச்சி. காட்டைக் காத்து நிர்வகிக்கும் உரிமையையும் அதே சட்டம் தருகிறது. ஆனால் சரணாலயத்துக்குள் தீ மூட்டுவதை வனவிலங்குச் சட்டம் இன்றும் தடுக்கிறது. அதாவது, காட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கருவியைப் பிடுங்கி வைத்திருக்கிறோம்.

தேன் எடுக்கும் சோலிகரை நமக்குப் பிடிக்கிறது; சுவரொட்டியில் அழகாக இருக்கிறார். நாளைக்கு ஒரு கிராமசபை கூடி, இந்த வருஷம் சருகுக்குத் தீ வைக்கப்போகிறோம் என்று தீர்மானம் போட்டால் அவர்கள் பக்கத்தில் நிற்பவர்கள் நம்மில் எத்தனை பேர்?